அசையாத செருப்பு

சில வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் பள்ளிக்கூட விடுமுறையில், பனிச்சங்கேணிப் பாலத்துக்குச் சற்று இப்பால், களப்பு ஓரத்தில் நடந்தது இது.

நான் குருக்கள்மடத்தில் பள்ளிக்கூட வான் ஓட்டுகிறேன். கலியாணம் கட்டவில்லை. அது வேறு கதை, அதைச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. அந்த விடுமுறையில்தான் எனக்கு அந்த ஆசை வந்தது. வானின் பின் சீற்றுகளைக் கழற்றி வீட்டுக்குள் அடுக்கினேன். பலகை அடித்துப் படுக்கை போட்டு, காஸ் அடுப்பு, தண்ணீர்க் கான், அரிசி, கருவாடு எல்லாம் ஏற்றினேன். வானிலேயே சமைத்து, வானிலேயே படுத்து, திருகோணமலை வரைக்கும் தனியாகப் போய்வருவது என்று முடிவு.

வீட்டில் ஒரே அமளி. பொம்பிளை தனியாக வானில் படுப்பதா, ஊர் என்ன கதைக்கும் என்று அம்மா அழுதாள். அண்ணன் அழவில்லை. வழியில் சின்னதாக ஒரு பிரச்சினை வந்தாலும் இதுதான் முதலும் கடைசியும், அதற்குப் பிறகு இந்தக் கதையே எடுக்கக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். நானும் வீறாப்பில் கொடுத்துவிட்டேன்.

ஆனால் நான் மடைச்சி இல்லை. எங்கு நிறுத்தினாலும் வானின் மூக்கு ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும். படுக்கையிலிருந்து கீழே இறங்காமலே ஓட்டும் சீற்றுக்குத் தாவ வழி இருக்க வேண்டும். அதற்காகவே பலகையைக் குட்டையாக அறுத்தேன். சாவி எப்போதும் கழுத்தில். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு சூட்சுமம்: அண்ணனின் பெரிய தோல் செருப்பை வான் கதவடியில் வைப்பேன், ஆம்பிளைகள் கட்டும் புதுச் சாரம் ஒன்றைக் கொடியில் போடுவேன். எங்கள் பக்கம் வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்துத்தானே வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கண்டுகொள்வார்கள்!

அங்கே போய்ச் சேர்ந்த காலையிலேயே அதற்கு வேலை வந்தது. களப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி றால் பிடிக்கும் பெண்கள் சிலர் அந்த வழியால் வந்தார்கள். அவர்களில் மூத்த அக்கா ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். “தனியாவா புள்ள வந்த?” என்றார். வீட்டுக்காரர் உள்ளே படுத்திருக்கிறார் என்று வாய் கூசாமல் சொன்னேன். அக்கா செருப்பைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், சிரித்தார். “நாங்க இந்தக் கண்டல் மரத்தடியிலதான் நிப்பம்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். எனக்கு என் கெட்டித்தனத்தை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

வெயில் தணிந்த நேரம். நான் வானுக்குள் இருந்து தேத்தண்ணிக்குக் கொதிநீர் வைத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். காலையிலும் அந்த ரோட்டால் போனவர்கள்தான். ஐயாவை ஒருக்கா எழுப்புங்கள், ஒரு விசயம் கேட்க வேண்டும் என்றான் ஒருவன். காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்றேன். மற்றவன் குனிந்து செருப்பைப் பார்த்துச் சிரித்தான்.

“காலைல போகக்குள்ளயும் இது இப்பிடியேதான் இரிந்தது. கொஞ்சமும் அசையல்லயே!”

காவலுக்கு வைத்த செருப்பே, நான் தனி என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. காலையிலிருந்து நோட்டம் பார்த்திருக்கிறார்கள் பாவிகள்.

கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு ஒரே தாவலில் ஓட்டும் சீற்றில் இருந்தேன். வானை ஸ்டார்ட் செய்தால், ஒருவன் மோட்டார் சைக்கிளை மூக்குக்கு நேரே குறுக்கே விட்டுவிட்டு நிற்கிறான். மற்றவன் கண்ணாடியில் தட்டுகிறான். ஓகோ, அப்படியா சங்கதி என்று ஹோனில் கையை வைத்தேன். பிள்ளை இன்னும் எழும்பவில்லை என்று கதவு திறக்காத வீட்டுக்கு முன்னால் நான் அடிக்கும் ஹோன் அது. எங்கள் ரோட்டில் அந்தச் சத்தத்துக்குப் பயந்தே இடியப்பத்தை வாயில் திணித்துக்கொண்டு ஓடிவரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கையை எடுக்கவே இல்லை. வானையும் உறுமவிட்டு, அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்த்தினேன். ஏற்றிவிடுவேன் என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவன் மோட்டார் சைக்கிளைப் பின்னால் இழுத்தான்.

அதற்குள் கண்டல் பக்கமிருந்து றால் பிடிக்கும் பெண்கள் வந்துவிட்டார்கள். ஈரச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, றால் பானையும் கையுமாக, அந்த அக்கா முன்னால். ஒருத்தி கையில் தோணி தள்ளும் கம்பு.

“ஆரடா அது? நில்லுங்கடா, மூஞ்சயப் பாப்பம்!”

நிற்பார்களா? புழுதிதான் மிச்சம்.

அந்த இரண்டு பேரும் போனபிறகுதான் எஞ்சினை நிறுத்தினேன். அக்கா என்னை இறக்கி உட்கார வைத்துத் தண்ணீர் தந்தார். கொஞ்சம் தெளிந்ததும் எல்லோரும் என்னைப் பிடித்து வைத்துச் சிரிக்கத் தொடங்கினார்கள்.

“புள்ள, எந்த ஆம்பிள செருப்ப இப்பிடிச் சோடி சேத்து வைக்கிறான்? சாரத்திலயும் கடையில மடிச்ச மடிப்புக் கலையல்ல. காலையிலேயே தெரியும் நீ தனி எண்டு. அதுக்குத்தான் அங்கால போகாம இஞ்சயே நிண்டம்.”

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. நான் பொய் சொன்ன பெண்கள், நான் கேட்காமலே எனக்குக் காவல் நின்றிருக்கிறார்கள். றால் கூடுதலாகக் கிடைக்கும் இடத்தை விட்டுக்கொடுத்து நின்றிருக்கிறார்கள்! அன்றைக்கு வானை அக்காவின் வளவுக்குள் விட்டு, றால் கறியோடு சோறு தின்றுவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் அண்ணனுக்கு அழைத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பார்த்தாயா, வானைத் திருப்பு என்று கத்தினான். வாக்கு நினைவிருக்கிறதா என்றான். நினைவிருக்கிறது, பிரச்சினை வந்தது, நான்தான் அதைத் துரத்தினேன், எனக்குத் துணையும் இருந்தது என்றேன். திருப்பவில்லை. திருகோணமலைக் கடலில் கால் நனைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் ஒரு கிழமை கதைக்கவில்லை. பிறகு அவனே வந்து வானுக்குக் கூடுதலாக ஒரு பூட்டுப் போட்டுத் தந்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் போகிறேன். மூக்கு இப்போதும் ரோட்டைத்தான் பார்க்கும், சாவி கழுத்தில்தான். ஆனால் எங்கு போனாலும், வானை நிறுத்த முதல் அங்குள்ள பெண்களைத் தேடிப் போய், நான் தனியாக வந்திருக்கிறேன், இங்குதான் நிற்பேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அண்ணனின் செருப்பை அண்ணனிடமே கொடுத்துவிட்டேன். என் வான் வாசலில் இப்போது ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகக் கழற்றி எறிந்த என் செருப்பு மட்டுமே கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த வீட்டில் இருப்பது நான்தான் என்று எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.