அழிக்க வேண்டாமா?

ஹரிஷங்கருக்குப் பொட்டலம் கட்டும் வேலை. அப்படித்தான் அவன் அம்மா ருக்மிணி கிட்வாய் நகர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பெரிய தப்பும் இல்லை. திரையில் பொத்தான், பெட்டி, பட்டியல் எல்லாம் வரைய உதவும் டூல்கிட் ஒன்றை யார் யாரோ எழுதுவார்கள். நாலு தடவை அமுக்கினால் எந்தக் கணினியிலும் உட்கார்ந்துகொள்ளும் இன்ஸ்டாலராக அதைக் கட்டி, இணையத்தில் ஏற்றுவது இவன். ஒழுங்காகக் கட்டினால் ஒருவரும் அவனை நினைக்க மாட்டார்கள், சொதப்பினால் ஊரே திட்டும்.

மூன்று வருடத்துக்கு முன், இன்ஸ்டாலர் தமிழிலும் பேச வேண்டும் என்று முடிவானபோது குழுவில் இருந்த ஒரே தமிழன் இவன். தில்லியில் பிறந்து, இந்தியில் சண்டை போட்டு, ஆங்கிலத்தில் படித்தவனுக்குத் தமிழ் என்பது அம்மாவின் அதட்டல்தான். "எழுந்திருக்க வேண்டாமா? குளிக்க வேண்டாமா?" என்று அவள் கேட்டால் உடனே செய் என்று பொருள். டூல்கிட்டை நீக்கும்போது அது இருந்த ஃபோல்டரையும் அழிக்கலாமா என்று கேட்கும் இடம் வந்தது. "இந்த ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் அழிக்க வேண்டாமா?" என்று எழுதினான். கீழே ஆம், இல்லை. ஆம் என்றால் அழிந்துவிடும். பெற்றவளிடமாவது ஒரு தடவை படித்துக் காட்டியிருக்கலாம். துரைக்கு அதற்குப் பொழுதில்லை.

போன மார்ச்சில் மோதி பாக்கிலிருந்து காந்திமதி ஒரு லேப்டாப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். ஹரிஷங்கரின் நண்பன் ப்ரசன்னாவின் தாய். பனிமூட்டத்தில் பைக்கில் போன ப்ரசன்னா ஜனவரியில் செத்துப்போயிருந்தான். டூல்கிட்டை அவனுக்கு அறிமுகம் செய்ததே ஹரிஷங்கர்தான்.

"மெமரி ரொம்பிட்டுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு தம்பி. அவன் பேசி வச்சதெல்லாம் போயிருமோன்னு பயம். அதான் இந்த டூல்கிட்ட மட்டும் எடுக்கப் பாத்தேன்."

ப்ரசன்னா எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டிருந்தான். டூல்கிட், படங்கள், அம்மாவுக்காகப் பதிந்து வைத்த குரல், எல்லாமே.

"அழிக்க வேண்டாமான்னு கேட்டுச்சு. ஆமா, வேண்டாம்னுதான அமுக்குனேன்?"

ஹரிஷங்கர் லேப்டாப்பை வாங்கி இரண்டு நாள் மல்லுக்கட்டினான். ஒன்றும் மீளவில்லை. ரிப்பேர் கடைக்காரரும் கையை விரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் அவளே கேட்டாள். "எதுல தப்புப் பண்ணினேன்னு மட்டும் சொல்லுங்க தம்பி. அது தெரியாம தூக்கம் வரல."

சொல்ல வாயெடுத்தான். அந்தக் கேள்வியை எழுதியது நான், உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னால் போதும். அவள் முகத்தைப் பார்த்தான், பயந்துவிட்டான்.

"கம்ப்யூட்டர்ல ஆம்னா அழின்னுதான் அர்த்தம், ஆன்ட்டி. அதுக்கு நம்ம பேச்சு புரியாது."

"அப்ப நாந்தான்," என்றாள் காந்திமதி. லேப்டாப்பை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானமே அவன் கேள்வியை 'அழிக்கட்டுமா?' என்று மாற்றிப் புது இன்ஸ்டாலரை ஏற்றினான். பத்து நிமிட வேலை. மாற்றங்களின் பட்டியலில் 'சிறு மொழித் திருத்தம்' என்று போட்டான்.

ஆடி மாதம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன் காதில் காந்திமதியின் குரல் விழுந்தது. யாரோ ஒரு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பிள்ளையத்தான் தெய்வம் எடுத்துக்கிட்டுது. அவன் குரல நானே என் கையால அழிச்சேன்." அதற்குள் அவனைப் பார்த்துவிட்டாள். "இந்தா, இந்தத் தம்பியக் கேளுங்க. அவருக்கு எல்லாம் தெரியும்."

அந்த அம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். ஹரிஷங்கர் தலையாட்டினான்.