ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு

சிம்மக்கல்லில் நாங்கள் குடியிருந்த வீட்டின் வாடகை ஏறிவிட்டது. விளாங்குடியில் பாதி வாடகைக்கு வீடு இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். எதிரிலேயே பஸ் ஸ்டாப். வந்த பஸ்ஸும் காலி. உடனே அட்வான்ஸ் கொடுத்துக் குடிபோனோம்.

திங்கட்கிழமை காலையில்தான் விஷயம் புரிந்தது. படிக்கட்டில் ஆள் தொங்க வந்த எந்த டவுன் பஸ்ஸும் அங்கே நிற்கவில்லை. சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. மூன்று நாள் தொடர்ந்து தாமதம்.

"நாளைக்கும் லேட்டுன்னா வீட்லயே இருந்துக்கம்மா" என்றார் முதலாளி.

மறுநாளும் இரண்டு பஸ் நிற்காமல் போக, எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது பூக்கூடையோடு வந்த பக்கத்து வீட்டு முத்தம்மா அக்கா, என் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து, எதிர்த்திசையில் போகும் பஸ்ஸில் ஏற்றினார்.

"அக்கா, இது சிம்மக்கல் போகாதே!"

"பேசாம உக்காரு. கடைசி ஸ்டாப்புல திரும்பி அங்கனதான் போகும். எம்புட்டு நாளா நான் போறேன்!"

அப்படியே திரும்பியது. எங்கள் ஸ்டாப்பில் நிற்காமலே பறந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்று முதலாளிக்கு முன்பே கடை வாசலில் நின்றேன்.

இப்போதெல்லாம் யார் வீடு பார்க்கக் கூப்பிட்டாலும், வேலைநாள் காலையில் போய், அந்த ஸ்டாப்பில் ஒரு பஸ்ஸாவது நிற்கிறதா என்று பார்த்த பிறகே வாடகையை விசாரிக்கிறேன்.