வெந்நீர் பட்ட மணிகள்

சாப்பாடு முடிந்ததும் பாத்திரம் கழுவுவது அந்த வீட்டில் அவர்தான். தேய்த்து அலசுவதோடு விடமாட்டார். தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்து, தட்டு, கரண்டி, டம்ளர் எல்லாவற்றின் தலையிலும் ஊற்றினால்தான் மனம் ஆறும்.

"போதும் விடுங்க, தட்டுக்குக் காய்ச்சல் வந்துடப் போகுது" என்பாள் மனைவி.

தொழில் அப்படி. மருந்துக்கு மூலப்பொருள் செய்யும் தொழிற்சாலையில் அவர் ரியாக்டர் ஆபரேட்டர். ரியாக்டர் என்பது ஆளை விழுங்கும் உயரத்தில் ஓர் எஃகுப் பாத்திரம்; சரக்கைக் கரைப்பான் என்னும் நெடியடிக்கும் ரசாயனத் திரவத்தில் கலந்து கொதிக்க வைப்பது அதில்தான். ஒரு சரக்கு இறங்கியதும் அதைக் கரைப்பானால் அலசி, கொதிநீர் விட்டு, கடைசியில் நீராவி அடிக்க வேண்டும். பழையது துளி ஒட்டியிருந்தாலும் அடுத்த சரக்கு குட்டிச்சுவர். அவர் கழுவியதில் யாரும் குறை கண்டதில்லை. கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயரே 'நீராவி அண்ணன்'. கரைப்பானும் அவரைச் சும்மா விடவில்லை. மூக்குக்கு வாசனை தெரியாமல் போயிற்று, விரல் நுனிகள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறாள்.

அவர் தோளில் தூக்கி வளர்த்த தங்கை அங்கேயே ஆய்வகத்தில் இருக்கிறாள். அந்தக் கரைப்பானைத் துரத்தியே தீருவது என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கியவள் அவள். கரைப்பான் இல்லாமலே சரக்கை மாற்றித் தரும் நொதியை, அதாவது என்சைமை, சின்னஞ்சிறு வெள்ளை மணிகளில் ஒட்டவைத்து, உயரமான ஒரு குழாயில் நிரப்பினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்த சரக்கை மேலே விட்டால், கீழே வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். கொதிப்பு கிடையாது, நெடி கிடையாது. அதே மணிகள் அலுக்காமல் மறுபடியும் உழைக்கும்.

"நம்ம வயித்துக்குள்ள நடக்கிற வேலைதான்ணா. ஆனா சூடு மட்டும் ஆகாது."

"சரிம்மா" என்று தலையாட்டினார்.

முதலாளிக்குச் செய்து காட்டுவதற்கு முந்தின நாள் மாலை, தங்கை போன பிறகு குழாயைத் திறந்து பார்த்தார். மணிகளின் மேல் வழவழவென்று ஏதோ படிந்திருந்தது. நாளைக்கு நாலு பெரிய மனிதர்கள் பார்க்கும்போது தங்கச்சியின் பாத்திரம் இந்த லட்சணத்திலா இருப்பது? அவள் சொன்னது நினைவில்தான் இருந்தது. சரக்கு ஓடும்போது சூடு ஆகாது என்றே அதைப் புரிந்துகொண்டிருந்தார். கழுவுவதற்குமா? நீராவியைத் திறந்துவிட்டார். மணிகள் பளிச்சென்று ஆயின.

மறுநாள் மேலே விட்ட சரக்கு விட்டபடியே கீழே இறங்கியது. மணிகளைப் பார்த்தால், நீராவிச் சூட்டில் நொதி செத்துப்போனது என்று யாரும் சொல்ல முடியாது.

"யாராவது ஏதாவது பண்ணீங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். அவளுக்கு விளங்கிவிட்டது.

"பார்க்கணும் சார்" என்றாள்.

"நேத்து வேலை செஞ்சுது, இன்னிக்குப் படுத்துக்கிச்சுன்னா இதை நம்பி எப்படிம்மா தொழில் பண்றது?" என்று முதலாளி எழுந்துவிட்டார். பழி நொதியின் தலையில் விழுந்தது. குழாயைக் கழற்றிவிட்டுக் கரைப்பான் பீப்பாய்களைத் திரும்ப இறக்கச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள். முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் குழாயைக் கழட்டுறாங்கண்ணா."

"ம்."

"நீராவி விட்டேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். புது மணி போட்டு இன்னொரு தரம் காட்ட விடுவாங்க."

மனைவி சமையலறை வாசலுக்கு வந்தாள். "சொன்னா இவரை வேலையில வெச்சிருப்பாங்களா?"

"உங்ககிட்ட என்னத்தை மறைக்கிறது அண்ணி. வெச்சிருக்க மாட்டாங்கன்னுதான் தோணுது. நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். சொல்லணும்னா அங்கேயே சொல்லியிருப்பேன்."

"இந்த வயசுல இவரை வேற எவன் சேர்த்துப்பான்? நீயே சொல்லேன்" என்றாள் மனைவி. குரல் சண்டைக்கு வந்தது போல ஆரம்பித்துப் பாதியிலேயே இறங்கிவிட்டது.

அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. உனக்காகத்தான் கழுவினேன், அழுக்காகக் கிடந்ததே என்று கழுவினேன். வாயைத் திறந்தபோது வேறு ஏதோ வந்தது.

"சாப்பிட்டுட்டுப் போம்மா."

"பசியில்லை. நாளைக்கு என்கூட மேனேஜர் ரூமுக்கு வருவியாண்ணா?"

அவர் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்திருந்தாள். பிறகு எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு அறையை விட்டுப் போனாள்.