வராமலே ஆட வைத்தவன்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டப் பக்கம் எந்தக் கல்யாணத்துக்கு டிஜே போடப் போனாலும், ஒரே பாடகனின் பாட்டைத்தான் கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்பீக்கர் பெட்டிகளை மலையேற்றிச் சுமப்பவன் நான், பெயர் மட்டும் அவனுக்கா?

போன மாதம் ஒரு கல்யாணத்தில், அவன் பாட்டைத் தொடுவதே இல்லை என்ற வீம்போடு நானே இசையமைத்த பாட்டுகளைப் போட்டேன். எல்லாரும் உட்கார்ந்து கேக் தின்றார்கள்.

பெண்ணின் மாமா வந்தார். "தம்பி, அவரு பாட்டு ஒண்ணு போடுங்களேன்."

"எங்கிட்ட இல்லீங்களே" என்று கூசாமல் பொய் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மணப்பெண் மேசையைத் தட்டி அவன் பாட்டைப் பாடத் தொடங்கினாள். மண்டபமே எழுந்துவிட்டது. சமையல்காரர் கரண்டியோடு ஆடினார்.

கரண்ட் வந்ததும் பதறிப்போய் அதே பாட்டைப் போட்டேன்.

"இல்லேன்னீங்க?" என்று சிரித்தார் மாமா. "நிப்பாட்டுங்க தம்பி. எங்க பாட்டை நாங்களே பாடிக்கிறோம்."

இப்போது யாரும் கேட்கும் முன்பே அவன் பாட்டைப் போட்டுவிடுகிறேன். பொறாமை மட்டும் குறையவில்லை. என் பாட்டை இதுவரை ஒருவர்கூட 'எங்க பாட்டு' என்று சொன்னதில்லை.