இரண்டு கட்டில், நாலாயிரம் தலைவலி

பல்கலைக்கழகத் தண்ணீர்த் தொட்டியில் ஏதோ கலந்துவிட்டதாம், குடிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தலைவலியாம். இதை எனக்குச் சொன்னவர் முடிவெட்டுகிறவர். அவருக்குச் சொன்னது தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கும் யாரோ ஒருவருடைய மைத்துனர். கத்தரிக்கோல் காதருகே இருக்கும்போது சொல்லப்படும் எதையும் நம்பிவிடுவது என் வழக்கம். அதே வளாகத்து நூலகத்தில் வேலை பார்க்கிறவன் என்பதால் மறுநாளிலிருந்து வீட்டிலிருந்தே இரண்டு பாட்டில் தண்ணீர் சுமந்தேன். மூன்றாம் நாள் எனக்கும் தலை வலித்தது. எல்லாம் பயம்தான்.

அந்த வளாகத்தின் மருத்துவ அறையில் நர்ஸாக இருப்பவர் என் அண்ணி, அண்ணன் மனைவி. சமையலறையில் அவரைத் தனியாகப் பிடித்து ரகசியமாகக் கேட்டேன். சிரித்த சிரிப்பில் கரண்டி கைநழுவிப் பாத்திரத்துக்குள் போய்விட்டது.

"தண்ணியும் இல்ல, மண்ணும் இல்ல கொழுந்தனாரே. அந்தத் தலைவலி மொத்தமும் நான் எழுதினது."

அண்ணி முன்பு பெரிய மருத்துவமனை ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தவர். பிழைப்புக்காக நாங்கள் எல்லோரும் நாடு விட்டு இந்த ஊருக்கு வந்தபோது, அவருடைய சான்றிதழ்கள் உண்மைதானா என்று பார்க்க ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டார்கள். உண்மைதான் என்று முடிவானதும், விளையாட்டுச் சாமான் கிடங்குக்குப் பின்னால் ஓர் அறையைக் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு இரும்புக் கட்டில், ஒரு தெர்மாமீட்டர், கட்டுத்துணிப் பெட்டி, சொட்டுகிற குழாய். நின்றுபோன இதயங்களை மறுபடி ஓட வைத்தவருக்கு இனி முழங்கால் சிராய்ப்பு. "நல்லதாப் போச்சு, இங்க யாரும் சாகமாட்டாங்க" என்றான் அண்ணன். அவன் சொல்லும் ஆறுதல் எல்லாமே இந்த ரகம்.

சிராய்ப்போடு வந்தவர்கள் கால்வாசிப் பேர்தான். மீதிப் பேர் வாசலில் நின்று, உள்ளே வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "சிஸ்டர், கொஞ்ச நேரம் படுத்துக்கட்டுமா?" என்பார்கள். வாரக்கணக்கில் தூங்காதவர்கள், தேர்வில் கோட்டை விட்டதை வீட்டில் சொல்லாதவர்கள், காரணமே தெரியாமல் அழுகை மட்டும் வந்தவர்கள். அண்ணி எதுவும் கேட்கமாட்டார். திரையை இழுத்து விடுவார். குழாய்க்குக் கீழே ஒரு துணியை மடித்து வைப்பார், சொட்டுகிற சத்தம் கேட்காமலிருக்க. நாற்பது நிமிடம் கழித்து எழுந்து முகம் கழுவிக்கொண்டு போவார்கள். வைத்தியம் அவ்வளவுதான்.

பதிவேட்டில் 'குறை' என்று ஒரு கட்டம் உண்டு. வந்த புதிதில் ஒரு மாணவனுக்கு உள்ளது உள்ளபடி 'மனச்சோர்வு, அழுகை' என்று எழுதினார். விதிமுறை உடனே விழித்துக்கொண்டது. அந்த இரண்டு சொல்லும் துறைத்தலைவரிடம் போய், அங்கிருந்து விடுதி வார்டனிடம் போய், அங்கிருந்து அப்பாவிடம் போய், ஒரே வாரத்தில் அவனை 'அவனது நலன் கருதி' ஒரு வருட விடுப்பில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று வாசலில் நின்று, "படுக்க இடம்தானே சிஸ்டர் கேட்டேன்?" என்றானாம். அன்றிலிருந்து அண்ணியின் பேனாவுக்குத் தெரிந்தது ஒரே நோய். குறை: தலைவலி. சிகிச்சை: ஓய்வு.

"தலைவலின்னு எழுதினா எவனும் அப்பாவுக்குப் போன் போடமாட்டான்" என்றார் என்னிடம்.

அந்தப் பட்டியலில் ஒரு மாணவியைப் பற்றி மட்டும் அண்ணி வீட்டிலும் பேசுவார். பெயரைச் சொல்லமாட்டார். 'ரெண்டேகால்' என்பார். தினமும் மதியம் இரண்டேகாலுக்கு வருவாள். செருப்பைக் கட்டிலுக்கடியில் நேராக வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள். ஏழு மாதத்தில் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தாள். "இங்க வந்து படுக்கறதாலதான் சிஸ்டர் மிச்ச நாளை ஓட்டறேன். வீட்டுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சா கூட்டிட்டுப் போயிடுவாங்க. அங்க போனா நான் அவ்வளவுதான்."

'அவ்வளவுதான்' என்ற சொல்லை அண்ணி எனக்குத் திரும்பச் சொன்னபோது, பழைய வேலைக்காலத்து முகம் அவருக்கு வந்திருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில் பல்கலைக்கழகத்துக்குத் திடீரென்று மாணவர்களின் நலத்தின்மேல் அக்கறை பிறந்தது. நல்வாழ்வு இயக்குநர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டார். எந்தக் கூட்டத்தையும் மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்துத்தான் தொடங்குவார். அதனால் வளாகம் முழுக்க அவர் 'மூச்சு சார்'. வந்த வேகத்தில் அண்ணியின் பதிவேட்டைக் கணினியில் ஏற்றச் சொன்னார். ஏற்றியதும் வரைபடம் வந்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் மூச்சே இழுக்காமல் ஓடி வந்தார்.

"சிஸ்டர், நாலாயிரத்து நூத்திப் பன்னண்டு தலைவலி. ஒரே வருஷத்துல. என்னதான் நடக்குது?"

உண்மையைச் சொன்னால் நாலாயிரம் வரிக்கும் பெயர் இருக்கிறது, ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அப்பா இருக்கிறார். அண்ணி ஜன்னலைப் பார்த்தார்.

"வெயில் சார்."

"போன வருஷம் பூரா மழை சிஸ்டர்."

"அப்ப ஈரம் சார்."

பதினொரு பேர் கொண்ட தலைவலி ஒழிப்புக் குழு அமைந்தது. தண்ணீரைச் சோதித்தார்கள், முடிவெட்டுகிறவர் வரைக்கும் போய்ச் சேர்ந்த வதந்தி அங்கே பிறந்ததுதான். குழல் விளக்குகளை மாற்றினார்கள். பச்சைச் சுவரெல்லாம் மஞ்சளாயிற்று. தலைவலி விழிப்புணர்வு வாரத்தில் ஒலிபெருக்கி வைத்துக் காலையிலிருந்து மாலை வரை அமைதியின் பெருமையை முழங்கினார்கள். அந்த வாரம் மட்டும் நிஜமாகவே தலைவலியோடு முப்பது பேர் வந்தார்கள்.

எதற்கும் எண்ணிக்கை இறங்கவில்லை. கடைசியில் குழுவில் இருந்த ஒரு பேராசிரியர் கண்டுபிடித்தார்: தலைவலி என்று வருகிறவர்கள் எல்லோரும் படுக்கிறார்கள். ஆகவே கோளாறு கட்டிலில் இருக்கிறது.

"கட்டிலப் பார்த்தா யாருக்குமே நோயாளி மாதிரிதான் தோணும் சிஸ்டர். நலம்ங்கறது ஒரு செயல்பாடு. படுக்கையில வராது" என்றார் மூச்சு சார்.

"ஒரு கட்டிலையாவது விட்டுடுங்க சார்."

"ஏன்? எதாவது மருத்துவக் காரணம் இருக்கா?"

இருந்தது. அதைச் சொல்ல முடியாது. "எனக்கு முட்டி வலி சார்" என்று சொல்லி வைத்தார். மறுநாள் அவர் உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு பெரிய ரப்பர் பந்து வந்து சேர்ந்தது.

கட்டில்கள் போன இடத்தில் 'நலக்கூடம்' திறந்தார்கள். ஒளிவுமறைவு இருக்கக்கூடாது என்பதற்காக முன்சுவர் முழுக்கக் கண்ணாடி. சைக்கிள் எடுக்க வருகிறவன் முதல் பால் வண்டிக்காரர் வரை உள்ளே யார் துக்கமாக இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போகலாம். தரையில் உட்காருவதற்குப் பெரிய பெரிய பஞ்சு மூட்டைகள். வாசலில் ஒரு தொடுதிரை. அழுகையிலிருந்து சிரிப்பு வரை ஐந்து பொம்மை முகம் காட்டும், அதில் நம் மனநிலைக்கு ஏற்ற முகத்தைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவும் முடியும், வெளியே வரவும் முடியும்.

முதல் நாள் இரண்டேகாலுக்கு அவள் வந்தாள். மஞ்சள் பனியன் போட்ட தொண்டர் ஒருவர் பாய்ந்து வந்தார். "வாங்க வாங்க! இன்னைக்கு நீங்க எந்த முகம்?"

அவள் அவரைத் தாண்டி அண்ணியைப் பார்த்தாள். "கட்டில் எங்க சிஸ்டர்?"

"எடுத்துட்டாங்கம்மா. நீ வா, இப்படி என் பக்கத்துல உட்காரு."

கண்ணாடிக்கு வெளியே யாரோ படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பஞ்சு மூட்டையைப் பார்த்தாள், படம் எடுக்கிறவரைப் பார்த்தாள். "பரவால்ல சிஸ்டர். இன்னைக்கு அவ்வளவா வலி இல்ல." வெளியே போவதற்காக, கைக்கு எட்டிய முகத்தைத் தொட்டாள். அது வாய் நிறையச் சிரிக்கும் முகம். அன்றைய மகிழ்ச்சிக் கணக்கில் அதுவும் சேர்ந்தது.

பிறகு வரவில்லை. அண்ணி பந்தின்மேல் உட்கார்ந்து ஒன்பது நாள் வாசலையே பார்த்தார். ஒன்பதாம் நாள் நூலகத்துக்கு என்னைத் தேடி வந்தார்.

"ஒரு பேரு சொல்றேன். உள்ள வந்தாளான்னு பாருங்க."

"அண்ணி, இதெல்லாம் பாக்கக்கூடாது. யாராவது பாத்தா வேலை போகும். வேலை போனா விசா போகும்."

"எல்லாம் போகட்டும். பாருங்க."

பார்த்தேன். தினமும் காலையில் வருகிறவள். எட்டு நாளாக அட்டை தேய்க்கப்படவில்லை. அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அதற்கடுத்த நாள்தான் விழா. நலக்கூடம் திறந்ததிலிருந்து வளாகத்தில் ஒரு தலைவலிகூடப் பதிவாகவில்லை. இல்லாத கட்டிலில் யார் படுப்பார்கள், எதை எழுதுவார்கள்? ஆனால் வரைபடம் செங்குத்தாகக் கீழே இறங்கியிருந்தது, அதற்கு வெளியூரிலிருந்து ஒரு கேடயம் வந்திருந்தது. அரங்கம் நிறைந்த கூட்டம். மூச்சு சார் எல்லோரையும் மூன்று முறை மூச்சிழுக்க வைத்தார். முதல் மூச்சிலேயே அண்ணி எழுந்து வெளியே நடந்தார். பின்னாலேயே போனேன்.

தாழ்வாரத்தில் நின்று, காலையிலேயே பதிவேட்டிலிருந்து அவள் எண்ணை எழுதி வைத்திருந்த துண்டுச்சீட்டைப் பையிலிருந்து எடுத்தார். இத்தனை வருடத்தில் எந்த மாணவரையும் அவர் தொலைபேசியில் அழைத்ததில்லை.

"வார்டன்கிட்டச் சொல்லிடலாமே அண்ணி?"

"சொன்னா அடுத்த அரை மணியில அவ வீட்டுக்குத் தெரியும். வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு அவளே என்கிட்டச் சொல்லியிருக்கா. அவ குரலக் கேட்டுட்டா போதும், மிச்சத்த நான் பாத்துப்பேன்."

"எடுக்கலைன்னா?"

"ரெண்டு தடவ போடுவேன். அப்பவும் எடுக்கலைன்னா வார்டன் என்ன, அவ ரூம் பூட்ட உடைக்கச் சொல்லியே சொல்லுவேன்."

எண்ணை அழுத்தினார். நான் பக்கத்திலேயே நின்றேன். மணி போவது எனக்கும் கேட்டது. உள்ளே கைதட்டினார்கள். ஒலிபெருக்கியில் அண்ணியின் பெயரைச் சொல்லி மேடைக்கு வரும்படி அழைத்தார்கள். மணி முழுவதும் போய் நின்றது.

மறுபடி அழுத்தினார். பன்னிரண்டு வருடப் பழக்கம், இடது கை தானாக மணிக்கட்டுக் கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே திருப்பிப் பிடித்திருந்தது. உள்ளே இரண்டாம் முறை பெயரைக் கூப்பிட்டார்கள். "எடும்மா" என்றார் அண்ணி, மிக மெதுவாக, திரைக்கு அந்தப் பக்கம் யாரோ தூங்கிக்கொண்டிருப்பதுபோல. மணி போய்க்கொண்டிருந்தது.