காட்பாடியில் வழியனுப்ப ஒன்பது பேர்

காட்பாடி ஸ்டேஷன். விடுப்பு முடிந்து இங்கிலாந்து திரும்பும் நர்ஸ் ஒருவரை வழியனுப்ப ஆம்பூரிலிருந்து ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள். பெஞ்சில் எனக்கு நுனிதான் மிச்சம்.

"எதுக்காக அங்க போனீங்க?" என்று அவரைக் கேட்கிறேன்.

"வேலூர் ஆஸ்பத்திரியில ஒரு நோயாளியைப் பாக்க பத்து பேரு வந்து நிப்பாங்க சார். 'டைம் ஆச்சு, கிளம்புங்க'ன்னு தெனம் கத்தி ஒரே பேஜார். அமைதியா வேலை செய்யலாம்னு போனேன்."

"அமைதி கெடச்சுதா?"

"ஜாஸ்தியாவே. வார்டுல வயசானவங்க கதவையே பாத்துட்டு படுத்திருப்பாங்க. யாரும் வர்றதில்ல. டைம் முடிஞ்சாலும் நான் கொஞ்ச நேரம் கதவை மூடறதில்ல."

ரயில் வருகிறது. பழைய பழக்கத்தில், "டைம் ஆச்சு, எல்லாரும் கிளம்புங்க" என்கிறார். ஒருவரும் நகரவில்லை. அவரும் இரண்டாம் முறை சொல்லவில்லை.