ராக்கம்மாள் கேட்ட பூ

எம்.ரெட்டியபட்டி ராக்கம்மாளுக்கு இல்லாதது என்று பார்த்தால் பொறுமை ஒன்றுதான். கரிசல் காடு இருக்கிறது, கிணறு இருக்கிறது, செவ்வாய் வெள்ளி தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போடும் கை இருக்கிறது. ஆனால் பக்கத்துக் காட்டுப் பருத்தி ஒரு சாண் கூட வளர்ந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கணவர் சின்னச்சாமி போனபின் தனியாளாக நின்று ஒரே மகன் மாரிக்கண்ணனை வக்கீலுக்குப் படிக்க வைத்தவர். மனசில் இருப்பது முகத்தில் தெரிந்துவிடும். பொறாமையும் அப்படித்தான், ஒளித்து வைக்கத் தெரியாது.

மாரிக்கண்ணன் ஜட்ஜு வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினான். சென்னையில் நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ராக்கம்மாள் தெருவெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஜக்கம்மாள் வந்து நின்றாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமைப்பவள். மிளகாய் பழுக்கும் காலத்தில் ராக்கம்மாள் காட்டுக்குப் பறிக்க வருவாள்.

“ஆத்தா, நம்ம சுமதிக்கும் வந்திருக்கு.”

“என்னது வந்திருக்கு?”

“தம்பிக்கு வந்திருக்குல்ல, அதான். ஜட்ஜுக்கு.”

ஜக்கம்மாளின் மகள் சுமதி அருப்புக்கோட்டை கோர்ட்டில் வக்கீலாக இருந்தாள். அது ராக்கம்மாளுக்குத் தெரியும். இந்த அளவுக்குப் போவாள் என்றுதான் தெரியாது.

“நல்லாருக்கட்டும்” என்று வாய் சொன்னது. ஊருக்கு ஒரு ரேஷன் கடை வேலை, ஒரு அங்கன்வாடி வேலை, கோயிலில் முதல் திருநீறு ஒரு வீட்டுக்கு. ஜட்ஜு வேலையும் அப்படித்தான், ஊருக்கு ஒன்று என்று ராக்கம்மாள் நினைத்துக்கொண்டார். அது மகனுக்கா, அந்தப் பிள்ளைக்கா என்பதுதான் அன்றுமுதல் அவருக்கு இருந்த ஒரே கேள்வி.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பூக்கேட்டார். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் அம்மன் காலடியில் போட்டு, மனசுக்குள் கேள்வியை நினைத்து, பூசாரியை ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் மகன், சிவப்பு வந்தால் சுமதி. பூசாரி ஆண்டிச்சாமி கண்ணை மூடி எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

“இன்னொருக்க எடுங்க சாமி.”

“ஒரு கேள்விக்கு ஒரு பூத்தான் ஆத்தா. அம்மன்கிட்டயே வாய்தா கேப்பீகளா?”

சிவப்பு அம்மனுக்கு உகந்த நிறம், அதனால் அது மகனைத்தான் குறிக்கும் என்று வீடு வருவதற்குள் ராக்கம்மாள் மாற்றிக்கொண்டார்.

புறப்படும் நாளில் ஒரு பை நிறைய மிளகாய் வத்தலைக் கட்டி மகனிடம் நீட்டினார்.

“கேள்வி கேக்குறவுக வீட்டுல குடுத்திரு. நம்ம காட்டு வத்தலு, காரம் பேசும்.”

“ஏம்மா, என்னைய உள்ள விடாம விரட்டணுமா? அங்க பேரு, ஊரு எதுவும் சொல்லக் கூடாது. எந்த ரூமுல யாரு கேப்பாகன்னே அன்னைக்குக் காலையிலதான் குலுக்கிப் போடுவாக. ஒருத்தரும் இல்ல, நாலஞ்சு பேரு உக்காந்து தனித்தனியா மார்க்குப் போடுவாக. யார் வீட்டுக்குன்னு கொண்டு போக?”

“நம்ம பூக்கேக்குற மாதிரியா?”

“குலுக்குறது மட்டும் அப்படி. எடுக்குறது நம்ம சொல்லுற பதில வச்சு.”

பை திண்ணென்று கதவோரம் நின்றது. ராக்கம்மாளின் மனசும் அடங்கவில்லை. விருதுநகரில் ரயில் ஏறச் சுமதியையும் காரில் கூட்டிப் போவதாக மாரிக்கண்ணன் சொல்லியிருந்தான். “எமகண்டம் வாரதுக்குள்ள கெளம்பு” என்று சுமதி வருமுன்னே ராக்கம்மாள் அவனைத் துரத்திவிட்டார். சுமதி ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் ஏறிப் போனாள்.

முடிவு வந்தது. சுமதிக்குக் கிடைத்தது. மாரிக்கண்ணனுக்கு இல்லை.

“என்னதாம்லே கேட்டாக?”

“அண்ணன் தம்பிக்குக் கிணத்துத் தண்ணியில சண்டை. அண்ணன் வந்து முறையிடுறாரு, நீ என்ன செய்வன்னு கேட்டாக. மூத்தவருக்கு மொதப் பாசனம்னு படக்குனு தீர்ப்பச் சொல்லிட்டேன். தம்பி என்ன சொல்றாருன்னு நான் கேக்கவே இல்லம்மா.”

“அவளுக்கு என்ன கேட்டாகளாம்?”

“வேற ரூமு, வேற கேள்வி. ஆனா எதிராளி என்ன சொல்றாருன்னுதான் அவ மொதல்ல கேட்டாளாம்.”

ராக்கம்மாள் ரெண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள், வெறுங்கையோடு போகக் கூடாதென்று அந்த வத்தல் பையைத் தூக்கிக்கொண்டு ஜக்கம்மாள் வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

ஜக்கம்மாள் பையைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தாள். “இது நான் பறிச்ச வத்தலாச்சே ஆத்தா!”

ராக்கம்மாள் சுமதியிடம் நேராகவே கேட்டுவிட்டார். “ஏத்தா, நீ போகாம இருந்திருந்தா என் மகனுக்குக் கெடச்சிருக்குமா?”

“இல்ல பெரியம்மா. ஊருக்கு ஒண்ணுன்னு கணக்கு இல்ல. மாநிலம் பூராவும் சேத்து எடுக்குறாக. நான் போகாம இருந்தா எனக்கும் இல்லாமப் போயிருக்கும், அம்புட்டுத்தான். அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் மார்க்கு வேணும்.”

அது ராக்கம்மாளுக்கு ஆறுதலாக இல்லை. இத்தனை நாள் வயிறெரிந்ததற்கு இருந்த ஒரே நியாயமும் போய்விட்டது. வயிற்றெரிச்சல் மட்டும் போகவில்லை.

“அன்னைக்குக் காரு முன்னாடியே...” என்று இழுத்தார்.

“எமகண்டம்னு அண்ணன் சொன்னாரு. நான் எமகண்டத்துலதான் ஆட்டோ ஏறுனேன் பெரியம்மா” என்றாள் சுமதி, சிரிக்காமல்.

ராக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினார். “அவன் மறுபடி எழுதுவான். எப்படிக் கேட்டாக, எப்படிச் சொன்னன்னு ஒண்ணு விடாம அவனுக்குச் சொல்லிக் குடுக்கணும்.”

“நேத்தே வந்து கேட்டுட்டுப் போனாரே. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருந்தாரு.”

“இங்கயா?”

“ஆமா.”

“காப்பி குடிச்சானா?”

“ரெண்டு தடவ குடிச்சாரு ஆத்தா” என்றாள் ஜக்கம்மாள்.

ராக்கம்மாள் அடுப்பங்கரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

“எங்க வீட்டுல ஒரு கிளாசுக்கு மேல தொட மாட்டான். எங்க, எனக்கும் ஒண்ணு போடு. அப்படி என்னதான் போடுறன்னு பாக்குறேன்.”